நல்கை தேடி அலைந்த கதை

நான் ஓவியம் வரைபவள். கலைஞர்களுக்குத் தரும் நிதியுதவியான நல்கைக்காக முதல் வருடம் ஆறு இடத்துக்கு விண்ணப்பித்தேன். ஐந்திலிருந்து பதிலே இல்லை. ஆறாவது, ஐரோப்பாவில் ஒரு மாத ரெசிடென்சி (அங்கேயே தங்கி வரையும் வாய்ப்பு), 'தேர்வாகிவிட்டீர்கள்' என்றது. காரைக்குடி முழுக்கச் சொல்லியாயிற்று. அப்புறம்தான் மின்னஞ்சலின் கடைசிப் பத்தியைப் படித்தேன். அறைக்கும் ஸ்டூடியோவுக்கும் வாடகை நான் கட்ட வேண்டும், விமான டிக்கெட்டும் என் செலவு. அதற்கு வசதி இருந்தால் நான் ஏன் நல்கை தேடுகிறேன்? இப்போதெல்லாம் எந்த அறிவிப்பிலும் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அடுத்து வயது. மத்திய அரசின் நுண்கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் உதவித்தொகைக்கு 35 வரைதான், எனக்கு 37. மத்திய கலாசார அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெலோஷிப்புக்கு 25 முதல் 40 வரை. மாதம் 10,000 ரூபாய், 2 வருடம். 40 தாண்டினால் சீனியர், மாதம் 20,000. கலைகளுக்கு நல்கை தரும், பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸுக்குத் தமிழிலேயே முன்மொழிவு எழுதலாம் என்று தெரிந்தபோது பாதி பயம் போய்விட்டது.

மீதி பயம் எழுத உட்கார்ந்தபோது திரும்பி வந்தது. 'செட்டிநாட்டின் மறைந்துவரும் பாரம்பரியத்தை ஓவியங்கள் வழியே மீட்டெடுப்பேன்' என்று ஆரம்பித்திருந்தேன். ஆத்தங்குடியில் எனக்குப் பழக்கமான, தரையில் பதிக்கும் பூக்கல் போடுபவரிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அச்சுக்குள் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"எதைக்கா மீட்கப் போறீங்க? நாங்க இங்கதானே இருக்கோம்."

அந்த வரியை அங்கேயே அடித்தேன். அன்று முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி மேல் அச்சு, அச்சுக்குள் சாயம், அச்சை எடுத்ததும் உலர்ந்த மணலும் சிமென்ட்டும், அதன் மேல் ஈரக் கலவை. கல்லின் முகம் கண்ணாடியோடு ஒட்டிக் கவிழ்ந்தே கிடக்கும். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி விலகும்போதுதான் பூ எப்படி விழுந்திருக்கிறது என்று தெரியும். அதுவரை அந்தக் கைகள் செய்கிற வேலையை 24 ஓவியங்களாக வரைகிறேன், இத்தனை மாதம் இந்தப் பட்டறையில் உட்காருவேன் என்று திருப்பி எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. போதும்.

விண்ணப்பத்தோடு அனுப்ப என் பழைய ஓவியங்களைப் படம் எடுத்ததுதான் வேடிக்கை. வீட்டுக் கூடமான பட்டாசாலையின் சுவரில் ஓவியங்களை மாட்டி எடுத்தால், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சின் பளபளப்பு எல்லாப் படத்திலும் வெள்ளையாய் அடித்தது. கடைசியில் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்), காலை வெயில் நேராக இறங்குவதற்குள், சாம்பல் துணி கட்டி எடுத்தேன்.

பட்ஜெட்டில் பலகை, சாயம், பஸ் கட்டணம் எல்லாம் இருந்தது, என் கூலி மட்டும் இல்லை. "நீ சும்மாவா வரைவே?" என்று அக்கா மகள் கேட்ட பிறகுதான் சேர்த்தேன். ஃபெலோஷிப் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் தட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

இப்படித் தயாரித்து அனுப்பிய இரண்டில் ஃபெலோஷிப் கிடைத்தது. ஆறு மாத அறிக்கைக்கு இன்னும் பத்து நாள். 11 ஓவியம் முடிந்திருக்கிறது, பட்டறையில் ஒன்று பாதியில் நிற்கிறது.