எலியின் தட்டணுக்கள் சுமக்கும் செரோடோனின்

செரோடோனின் என்றதும் பலருக்கு மூளையும் மனச்சோர்வு மாத்திரைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உடலிலுள்ள செரோடோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் உருவாகிறது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களால் அதைத் தாமே உற்பத்தி செய்ய முடியாது; குடல் வெளியிடுவதை இரத்தத்திலிருந்து உறிஞ்சித் தமக்குள் சேமித்துவைத்து, தூண்டப்பட்டதும் மொத்தமாக வெளியே கொட்டிவிடுகின்றன. 1948-இல் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய மூவரும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் செரோடோனினை, இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரத்திலிருந்து பிரித்தெடுக்க முடிந்ததும் இதனால்தான்.

கிருமித்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளையே சிதைக்கும் செப்சிஸில் இந்தச் சேமிப்புக்கு என்ன வேலை என்பதை அறிய, குடலில் செரோடோனினை உருவாக்க உதவும் டிபிஎச்1 என்ற நொதி இல்லாத சுண்டெலிகள் பெரிதும் உதவின. மூளைக்கு டிபிஎச்2 என்ற தனி நொதி இருப்பதால், இந்த எலிகளின் மூளையில் செரோடோனின் குறைவதில்லை. தட்டணுக்களிலோ அது ஏறக்குறைய இருக்காது. 2013-இல் டெனிசா வாக்னரின் பாஸ்டன் ஆய்வகத்தைச் சேர்ந்தோர் வெளியிட்ட ஆய்வில், இவ்வெலிகளின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் கூடுதலாகவே இருந்தும், அவை குடல்தாங்கிச் சவ்வின் நுண்சிரைகளில் சுவரைப் பற்றி உருள்வது, அதாவது குழாயைவிட்டு அழற்சி உள்ள இடத்துக்கு வெளியேறுவதன் முதற்படி, குறைந்திருந்தது. செரோடோனினைச் செலுத்தியபோது உருளல் கூடியது. அழற்சி கண்ட தோலுக்கும் நுரையீரலுக்கும் வயிற்றறைக்கும், கிருமிகளை விழுங்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபில்கள் குறைவாகவே வந்துசேர்ந்தன. பாக்டீரியாவின் வெளிச்சுவரிலுள்ள நச்சான எண்டோடாக்சினால் அதிர்ச்சி நிலைக்கு உள்ளாக்கியபோதோ, சாதாரண எலிகளைவிட இவை அதிகமாகப் பிழைத்தன.

இந்தக் கடைசி முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு செரோடோனினைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எண்டோடாக்சின் ஒரு நச்சுதானே தவிர, பெருகிப் பரவும் கிருமியன்று. பெருங்குடலின் தொடக்கப் பையை நூலால் கட்டி, ஊசியால் துளைத்து, மலத்தை வயிற்றறைக்குள் கசியவிடும் மாதிரியில் உயிருள்ள பாக்டீரியாக்கள் பரவுகின்றன. அங்கே நியூட்ரோஃபில் வராமல் போவது எலிக்கே வினையாக முடியலாம். போதாதற்கு, மனிதரைவிடச் சுண்டெலி எண்டோடாக்சினைப் பன்மடங்கு தாங்கக்கூடியது. அதன் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 10 இலட்சம் தட்டணுக்கள் உள்ளன, நமக்கோ 1.5 முதல் 4 இலட்சம் வரைதான்.

ஃப்ளூவாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளை வாரக்கணக்கில் உட்கொள்வோரின் தட்டணுக்களிலும் செரோடோனின் பெருமளவு வற்றிவிடுகிறது என்பதால், அவற்றைச் செப்சிஸுக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் டிபிஎச்1 இல்லாத எலிகளில் இரத்தக் கசிவு நிற்க நெடுநேரமாகிறது. இம்மாத்திரைகளும் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டுபவையே. செப்சிஸ் நோயாளிக்கோ தட்டணு எண்ணிக்கை ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும்.