ஷிப்ட் வேலைக்கு நடுவில் ஐயெல்ட்ஸ் எழுதிய கதை

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். முப்பது வயதைத் தாண்டி, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கலாம் என்று முடிவெடுத்தேன். பி.இ. ஆங்கிலத்தில்தான் படித்தேன் என்று கல்லூரி தரும் கடிதத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் நான் பார்த்து வைத்திருந்த படிப்புகளுக்கு ஐயெல்ட்ஸ் அல்லது டோஃபிள் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வு கட்டாயம். ஐயெல்ட்ஸில் பெரும்பாலும் 9-க்கு 6.5 கேட்டிருந்தார்கள். வேலையை விடாமல் இதை எப்படி எழுதுவது என்று அப்போது நிறையப் பேரிடம் கேட்டேன். கிடைத்த பதில்கள் எல்லாம் கல்லூரி முடித்த கையோடு எழுதியவர்களுடையவை. குடும்பம், ஷிப்ட், ஆடிட் எல்லாம் வைத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. மேற்படிப்புக்கு அகாடமிக் பிரிவு எழுத வேண்டும். லிசனிங் 30 நிமிடம், ரீடிங் 60, ரைட்டிங் 60, ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம். லிசனிங், ரீடிங் இரண்டிலும் தலா 40 கேள்விகள், தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கட்டத்தைக்கூட காலியாக விடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் 9 வரை பேண்ட் என்கிற மதிப்பெண் கொடுத்து, நான்கின் சராசரியை அரை பேண்டுக்குச் சரிசெய்வார்கள். சராசரி 6.25 வந்தால் 6.5, 6.75 வந்தால் 7. ஆக எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எடுக்கத் தேவையில்லை, ஒன்று இழுத்தால் இன்னொன்று தாங்கும். ஆனால் சில படிப்புகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகக் குறைந்தபட்சம் வைத்திருப்பார்கள், அதைப் படிப்பின் பக்கத்திலேயே பார்த்துவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.

நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இதைச் சொன்னதும் பலர் 'இலக்கணத்தில் இருந்து ஆரம்பி' என்றார்கள். வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆன ஒருவருக்கு அது சரியான ஆலோசனை இல்லை என்பது என் கருத்து. தினமும் கஸ்டமருக்கு மெயில் அடிக்கிறோம், ஆடிட்டர் கேட்கும் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்கிறோம், இங்கிலீஷ் தெரியாமல் இதெல்லாம் நடக்காது. ஆனால் ஆபீஸ் இங்கிலீஷ் ரொம்பக் குறுகியது. அதே ஐம்பது அறுபது வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும், எதிரில் இருப்பவருக்கும் விஷயம் தெரியும் என்பதால் பாதி சொன்னாலே புரிந்துகொள்வார். ஐயெல்ட்ஸில் எதிரில் இருப்பவருக்கு நம்மைப் பற்றி ஒன்றுமே தெரியாது, முழுசாகச் சொன்னால்தான் மதிப்பெண். எங்களை மாதிரி ஆட்கள் தயாராக வேண்டியது அந்த முழுசாகச் சொல்கிற பழக்கத்துக்குத்தான்.

ஆரம்பத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் ஞாயிறு பேட்ச் சேர்ந்தேன். கட்டுரைக்கு ஒரு அச்சு கொடுத்தார்கள், முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் மனப்பாடம், நடுவில் மட்டும் தலைப்பைச் செருக வேண்டும். வகுப்பில் எல்லோருடைய கட்டுரையும் ஒரே வாக்கியத்தில் தொடங்கியது. தேர்வாளர்கள் இந்த மாதிரி கட்டுரைகளை நாள் முழுக்கப் படிக்கிறவர்கள், மனப்பாட வாக்கியம் எது என்று பார்த்ததும் தெரிந்துவிடும், அதற்கு மதிப்பெண் வராது. சில வாரத்தில் நின்றுவிட்டேன். கட்டின பணம் திரும்ப வரவில்லை.

அதன்பிறகு வீட்டிலிருந்துதான். லிசனிங் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில். தாம்பரத்தில் ஏறினால் பிளான்ட் போய்ச் சேருவதற்குள் ஒரு முழு டெஸ்ட் முடிந்துவிடும். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும் என்பதால் பஸ்ஸிலும் நிறுத்திப் பின்னால் ஓட்டாமல் கேட்கப் பழகினேன், பஸ் சத்தம் இருந்தது நல்லதாகப் போயிற்று, தேர்வு அறையின் அமைதியில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. முதல் பகுதி லேசு என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் மதிப்பெண் வீணாவதே அங்கேதான். பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது 'ஏ'யா 'ஈ'யா, 'ஜி'யா 'ஜே'யா, தெர்ட்டீனா தெர்ட்டியா. ஸ்பெல்லிங் தப்பானால் விடையே தப்பு. வார்த்தையின் கடைசியில் வரும் 'எஸ்' காதில் விழாமல் போனாலும் அப்படித்தான். ஆஸ்திரேலிய உச்சரிப்பு பழக்கமில்லாததால் அந்த ஊர் வானொலிச் செய்தியை வாரத்தில் சில நாள் கேட்டேன். ஜெர்மன் கஸ்டமரோடு பேசிப் பழகிய காது அதற்கு உதவவில்லை.

ரீடிங்கில் மூன்று நீளமான கட்டுரைகள், ஒரு மணி நேரம். பலரையும் படுத்துவது 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' கேள்விதான். ஒரு ஊர் ஏரியைப் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கரையைப் பலப்படுத்திய பிறகு பக்கத்து கிராமங்களில் நெல் விளைச்சல் கூடியது' என்று அதில் இருக்கிறது. கேள்வி, 'கரையைப் பலப்படுத்தியதில் விவசாயிகளின் வருமானம் கூடியது.' நமக்குத் தெரிந்தவரை விளைச்சல் கூடினால் வருமானமும் கூடும், கை தானாக ட்ரூ போடும். ஆனால் வருமானத்தைப் பற்றிக் கட்டுரை வாயே திறக்கவில்லை, விடை நாட் கிவன். விளைச்சல் குறைந்தது என்று கேள்வியில் இருந்தால்தான் ஃபால்ஸ். நமக்குத் தெரிந்த உலக அறிவை ஓரமாக வைத்துவிட்டு, எந்த வரி இதைச் சொல்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இந்த வகைக் கேள்விகளின் விடைகள் கட்டுரையில் வரும் வரிசையிலேயே இருக்கும், அதுவும் பெரிய உதவி. பயிற்சிக்கு கேம்பிரிட்ஜ் வெளியிடும் வினாத்தாள் தொகுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டேன். இணையத்தில் சும்மா கிடைக்கும் மாதிரித் தாள்கள் பலவற்றில் விடையே சந்தேகமாக இருக்கிறது.

ரைட்டிங்தான் என் நேரத்தில் பெரும்பங்கைத் தின்றது. அதில் இரண்டு பகுதி. முதலாவது ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்துக் குறைந்தது 150 வார்த்தை, இரண்டாவது குறைந்தது 250 வார்த்தைக் கட்டுரை. இரண்டாவதுக்கு இரட்டிப்பு மதிப்பு, அதனால் 20 நிமிடம், 40 நிமிடம் என்று பிரித்துக்கொள்வது வழக்கம்.

வரைபடம் என்றால் குவாலிட்டிக்காரனுக்குச் சோறு மாதிரி. தினமும் கன்ட்ரோல் சார்ட் பார்க்கிறவன். ஆனால் எங்கள் வேலையில் கோடு இறங்கினால் ஐந்து தடவை 'ஏன்' கேட்டுக் காரணத்தைத் தோண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே காரணமே எழுதக்கூடாது. தண்ணீர்ப் பயன்பாடு ஒரு நாட்டில் குறைந்திருக்கிறது என்றால் குறைந்தது என்று எண்ணோடு சொல்ல வேண்டும், மழை பெய்யவில்லை, மக்கள் திருந்திவிட்டார்கள் என்றெல்லாம் ஆரம்பித்தால் படத்தில் இல்லாததை எழுதியதாக ஆகிவிடும். அப்புறம் ஒட்டுமொத்தமாக என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிற ஓரிரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். எண்களை எல்லாம் சரியாக எடுத்து எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் 6-ஐத் தொடுவதே கஷ்டம்.

கட்டுரையைத் திருத்த ஆள் வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஐயெல்ட்ஸ் அவருக்குப் பழக்கமில்லை, ஆனால் மதிப்பிடும் நான்கு அளவுகோல்களும் இணையத்தில் வெளிப்படையாகவே கிடைக்கின்றன, கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறோமா, கோர்வையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். அதை பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். முதல் கட்டுரையைப் படித்துவிட்டு, 'தம்பி, கேள்வியில ரெண்டு விஷயம் கேட்டிருக்கான், நீ ஒண்ணுக்குத்தான் பதில் சொல்லியிருக்க. மீதி எவ்வளவு அழகா எழுதினாலும் பிரயோஜனம் இல்ல' என்றார். 'இரண்டு தரப்பையும் அலசி உன் கருத்தைச் சொல்' என்பதும் 'எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறாய்' என்பதும் வேறு வேறு கேள்விகள். பேனாவால் கேள்வியில் எத்தனை வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று அடிக்கோடு போட்ட பிறகுதான் எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

சார் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்ததை எல்லாம் எக்ஸெல்லில் ஏற்றினேன். வாரக் கடைசியில் வகைவாரியாகப் பிரித்துப் பரேட்டோ சார்ட். லைனில் எந்தக் குறை அதிகமாக வருகிறது என்று பார்க்க நாங்கள் போடுவது அதேதான். முதல் தூண் மற்றதை எல்லாம் விட உயரமாக நின்றது, 'ஏ', 'த' எங்கே போடுவது, எங்கே விடுவது என்கிற விஷயம். 'கவர்ன்மென்ட்' முன்னால் 'த' வேண்டும், பொதுவாகக் கல்வி என்று சொல்லும்போது 'எஜுகேஷன்' முன்னால் கூடாது. அடுத்தது ஒருமை பன்மை. மூன்றாவது, ஆபீஸ் மெயிலில் ஊறிப்போன 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' வகையறா. முதல் இரண்டு தூணை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுதி முடித்ததும் கடைசி மூன்று நிமிடம் ஒவ்வொரு பெயர்ச்சொல்லாக நின்று பார்ப்பதைப் பழக்கமாக்கினேன். முழு இலக்கணப் புத்தகத்தைப் படித்திருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்காது, அதற்கு நேரமும் கிடையாது.

ஸ்பீக்கிங்குக்கு வீட்டில் மனைவிதான் எக்ஸாமினர். இரண்டாவது பகுதியில் ஒரு அட்டை கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். 'உங்களுக்கு ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஒரு அட்டை. செய்யாறு பக்கம் எங்கள் நிலத்தில் பம்ப்செட்டைக் கழற்றி மாட்ட அப்பா சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். அப்பா பொறுமைசாலி, நல்லாச் சொல்லித்தருவார், எனக்கு ரொம்ப உபயோகமா இருந்தது, அவ்வளவுதான், நாற்பது வினாடியில் தீர்ந்துவிட்டது. 'என்னங்க, ஃபுட் வால்வுன்னு சொன்னீங்களே, அது எனக்கே தெரியாது, அந்த வெள்ளைக்காரருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லுங்க' என்றாள். குழாய் அடியில் இருக்கிற அந்த வால்வு சரியாக மூடாவிட்டால் தண்ணீர் கிணற்றுக்கே திரும்ப இறங்கிவிடும், மோட்டார் வெறுமனே ஓடும், அப்பா ஒவ்வொரு காலையும் குடத்தில் தண்ணீர் ஊற்றித்தான் கிளப்புவார், ஒரு நாள் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னக் கல். இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஃபோனில் அலாரம் அடித்துவிட்டது. பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை, ஆனால் தடங்கல் இல்லாமல் வந்தது. வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, நாலு ஊர் பார்த்தவர்களிடம் இந்தச் சரக்கு இருபத்தொரு வயதுப் பிள்ளைகளை விட நிறையவே இருக்கிறது. அட்டையில் என்ன தலைப்பு வந்தாலும் நடந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தெரியாதவருக்கு விளக்குவதாக நினைத்துப் பேசினால் இரண்டு நிமிடம் போதாது.

நைட் ஷிப்ட் வாரத்தில் ரைட்டிங்கைத் தொடவே மாட்டேன். காலையில் வந்து படுத்து எழுந்தால் தலை கனமாக இருக்கும், அப்போது எழுதினால் பழைய தப்புகள் எல்லாம் திரும்ப வரும், மனசும் உடைந்து போகும். அந்த வாரம் லிசனிங் மட்டும். ஜெனரல் ஷிப்ட் வாரத்தில் விடியற்காலை, மகள் எழுந்திருப்பதற்கு முன்னால் ஒரு கட்டுரை. தினமும் இரண்டு மணி நேரம் என்று அட்டவணை போட்டு அது உடையும்போது வருத்தப்படுவதை விட, எந்த வாரம் எது முடியும் என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

தேர்வு கணினியில் எழுதினேன். நாள் முழுக்க டைப் அடிக்கிறவர்களுக்கு அதுதான் வசதி, எத்தனை வார்த்தை ஆயிற்று என்று திரையிலேயே காட்டும், பத்திகளை இடம் மாற்றலாம். பேப்பர் முறையில் லிசனிங் விடைகளை எடுத்தெழுத 10 நிமிடம் தனியாகக் கொடுத்து வந்தார்கள், கணினியில் சரிபார்க்க 2 நிமிடம்தான், அதற்குத் தகுந்தபடி பழகிக்கொள்ள வேண்டும். ஒரிஜினல் பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், வாட்ச் கூடாது. லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றும் இடைவேளை இல்லாமல் தொடர்ந்து நடக்கும், அதனால் வீட்டிலும் மூன்றையும் ஒரே மூச்சில் எழுதிப் பார்த்திருப்பது அவசியம்.

லிசனிங் 7.5, ரீடிங் 7.5, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 7. சராசரி 7.125, ஆக மொத்தம் 7. சாருக்கு முதலில் போய்ச் சொன்னேன், ரைட்டிங் ஏன் 6.5 என்று வினாத்தாளை ஞாபகத்தில் இருந்து எழுதிக்காட்டச் சொன்னார். இந்த மதிப்பெண் 2 வருஷம் செல்லும். அடுத்து ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மைதான் என்று சரிபார்த்துத் தருகிற சான்று, இந்தியாவில் படித்தவர்களுக்கு 2022 நவம்பரில் இருந்து ஜெர்மன் மாணவர் விசாவுக்கு அது கட்டாயம். அந்த வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பிளான்டிலேயே ஒரு தம்பிக்கு ஸ்பீக்கிங்கில் மட்டும் அரை பேண்ட் குறைந்துவிட்டது. கணினியில் எழுதியவர்கள் ஒரே ஒரு பிரிவை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதலாம் என்று இப்போது ஒரு வசதி இருக்கிறது. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்றுக்கொள்வதில்லை, பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். அவன் சேர நினைக்கும் இடத்துக்கு நேற்று லஞ்ச் நேரத்தில் இருவரும் உட்கார்ந்து மெயில் அடித்தோம். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று, ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அட்டைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.