மைக்ராஸ்கோப்: மூன்றாவது ஞாயிறு

போன ஞாயிறு ஒரு கவர் ஸ்லிப் (பொருளை மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) உடைந்து காலி. என்னுடையது பழைய கைமாற்று மைக்ராஸ்கோப். பெரிய திருகைத் திருப்பினால் லென்ஸ் மாட்டிய குழல்தான் ஏறி இறங்கும், பொருளை வைக்கும் மேடை அசையாது. ஐபீஸில் கண்ணை வைத்தபடியே குழலை இறக்கிக்கொண்டு போனேன். எங்காவது தெளியும் என்று பார்த்தால் 'டக்'கென்று சத்தம்தான் வந்தது. நல்லவேளை, லென்ஸில் கீறல் இல்லை.

இன்று அவசரப்படவில்லை. வெங்காய மடலின் உள்பக்கம் சவ்வாக உரியுமே, அதில் ஒரு துண்டு ஸ்லைடில், அதாவது கண்ணாடித் தகட்டில், மேலே ஒரு சொட்டு அயோடின். கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்கியும் இரண்டு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டது. கறுத்த விளிம்போடு கச்சிதமான வட்டம் தெரிந்தால் அது குமிழி. முதல் வாரம் அதைத்தான் செல் என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்!

இதில் விளக்கு கிடையாது, அடியில் கண்ணாடிதான். வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் திருப்பினேன். சூரியனைப் பார்த்துத் திருப்பினால் கண் போய்விடும்.

முதலில் 10 மடங்கு லென்ஸ். பக்கவாட்டில் குனிந்து, இடைவெளியைப் பார்த்துக்கொண்டே குழலை ஸ்லைடுக்குப் பக்கத்தில் இறக்கினேன். அப்புறம்தான் ஐபீஸ். அதன்பின் குழலை மேலே மட்டும்தான் ஏற்ற வேண்டும். மெதுவாக ஏற்ற ஏற்ற, மங்கலுக்குள்ளிருந்து செங்கல் வரிசை மாதிரி செல்கள் எழுந்து வந்தன.

சரி, 40 மடங்குக்குப் போகலாம் என்று லென்ஸ் தட்டைச் சுழற்றினால் லென்ஸ் ஸ்லைடில் இடிக்கிறது. பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே சுழற்றியதால் உடனே நிறுத்திவிட்டேன். ஏன் என்று புரியக் கால் மணி நேரம் ஆனது. அடியில் ஒழுகிய அயோடினைத் துடைத்துவிட்டு ஸ்லைடைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்! கவர் ஸ்லிப் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு விழாமல் இருந்திருக்கிறது. 40 மடங்கு லென்ஸ் பொருளிலிருந்து சுமார் 0.6 மி.மீ. தூரத்தில் நின்றால்தான் தெளியும். ஸ்லைடே ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன், அப்புறம் எப்படி நெருங்கும்? கவர் ஸ்லிப் 0.17 மி.மீ.தான், அந்தப் பக்கம் மேலே இருந்தால் தாராளம். 10 மடங்கு லென்ஸ் தூரத்திலேயே நிற்பதால் ஒன்றையும் காட்டிக்கொடுக்கவில்லை.

புரட்டி வைத்து, மறுபடி 10 மடங்கில் தெளிய வைத்து, 40ஐச் சுழற்றினேன். மயிரிழையில் நழுவி நின்றது. பெரிய திருகைத் தொடவே இல்லை. சின்னத் திருகைக் கால் சுற்று திருப்பியதும் மஞ்சள் பூத்த நியூக்ளியஸ் (செல்லின் உட்கரு), செல் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தது.

மேடையில் சிந்திய அயோடின் கறைதான் இன்னும் போகவில்லை.