மூன்று ஃபைல் சர்வர், ஒரே லாகின்: எங்கள் லேபில் செய்த விதம்

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் என்று துறைக்கு ஒரு ஃபைல் சர்வர். மூன்றும் உபுண்டு லினக்ஸ்தான், ஆனால் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் நிறுவியவை. ஒரு மாணவர் லேப் மாறி உட்கார்ந்தால் வேறு பாஸ்வேர்டு, வேறு ஹோம் ஃபோல்டர். "அண்ணே, என் ப்ரோகிராம் அந்த லேப்ல கிடக்கு" என்று பென்டிரைவோடு வந்து நிற்பார்கள்.

எல்லாருடைய கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் எல்டாப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அதை நிறுவுவது சின்ன வேலை. தலைவலி யூஐடியில், அதாவது பயனர் எண்ணில் இருந்தது. ஒரு ஃபைல் யாருடையது என்பதை லினக்ஸ் பெயராக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. உபுண்டு 1000-இல் தொடங்கி வரிசையாக எண் கொடுத்துக்கொண்டே போகும். மாசி வீதியிலும் ஆவணி மூல வீதியிலும் ஒரே கதவு எண் இருப்பது மாதிரி, ஒரே 1042 ஒரு சர்வரில் ஒரு பையன், இன்னொன்றில் ஒரு பேராசிரியர். இப்படியே என்எஃப்எஸ் (சர்வரின் ஃபோல்டரை நெட்வொர்க்கில் மற்ற மெஷின்களுக்குக் காட்டும் முறை) வழியாக இணைத்தால் பேராசிரியரின் வினாத்தாள் பையனுக்குத் திறக்கும். என்எஃப்எஸ் பதிப்பு 4 பெயரை வைத்துப் பொருத்துமே என்று நினைக்கலாம். பட்டியலில் பெயர் சரியாகத் தெரியலாம். ஆனால் கெர்பராஸ் என்ற அடையாளச் சோதனை இல்லாத சாதாரண அமைப்பில் அனுமதியை முடிவு செய்வது அப்போதும் எண்தான்.

அதனால் மூன்று சர்வரின் பயனர் பட்டியலையும் ஒரே எக்செல் ஷீட்டில் கொட்டி, பதிவு எண்ணை வைத்து ஆளை ஆளோடு பொருத்தினோம். புது எண்களை 20000-இலிருந்து தொடங்கினோம். பழைய எண்களோடு மோதாத இடம் வேண்டும் என்பதுதான் காரணம். 1042-ஐ 1050 ஆக்கிவிட்டு அடுத்து பழைய 1050-ஐ மாற்றப் போனால், இரண்டு பேருடைய ஃபைல்களும் ஒன்றாகக் கலந்துவிடும், பிரிக்கவே முடியாது. ஃபைண்ட் என்ற தேடல் கட்டளையில் பழைய எண்ணைக் கொடுத்துத் தேடி, கிடைத்ததையெல்லாம் உரிமையாளரை மாற்றும் சிஓன் (chown) கட்டளையால் மாற்றுவதுதான் முறை. வேறு ஃபைலைக் காட்டும் சிம்பாலிக் லிங்குகளுக்காக மைனஸ் ஹெச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் லிங்க் காட்டும் ஃபைலின் உரிமையாளர் மாறிவிடுவார். குரூப் எண்களையும், ஏசிஎல் (ஆளுக்கு ஆள் தனி அனுமதி) போட்ட ஃபோல்டர்களையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

இதை யாரும் லாகின் செய்யாத நாளில்தான் செய்ய முடியும். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, லேபில் ஈ காக்கா இருக்காது. அந்த நாளைக் குறித்தோம். "அழகரைப் பாக்க விடாமப் பண்ணிட்டீங்களே சார்" என்று லேப் அசிஸ்டென்ட் மட்டும் முனகிக்கொண்டே இருந்தார்.

பாஸ்வேர்டை யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவரவர் துறை சர்வரில் பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ ஃபைலில் இருந்த ஹாஷை (பாஸ்வேர்டின் மறைத்த வடிவத்தை), முன்னால் கிரிப்ட் என்ற குறியோடு எல்டாப்பில் ஏற்றினால் போதும்.

அப்புறம் ஆட்டோஎஃப்எஸ், அதாவது தேவைப்படும்போது ஃபோல்டரைத் தானாக இணைத்துத் தரும் வசதி. எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி. எந்த மெஷினிலும் மாணவரின் ஹோம் ஒரே பாதையில்தான் தெரியும். அது உண்மையில் எந்த சர்வரில் இருக்கிறது என்பது எல்டாப்பில் ஆளுக்கு ஒரு வரி. மெக்கானிக்கல் சர்வரில் கேட் (CAD) வரைபட ஃபைல்கள் நிரம்பினால், சிலரின் ஹோமை வேறு சர்வருக்கு ஆர்சிங்க் கட்டளையால் நகலெடுத்து, அந்த வரியை மாற்றினால் முடிந்தது. மாற்றும்போது அந்த ஆள் லாகின் செய்திருக்கக் கூடாது. ஏற்கெனவே மவுண்ட் ஆன, அதாவது ஹோமை இணைத்துவிட்ட மெஷின் பழைய சர்வரிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.  இன்னொன்று: ஆட்டோஎஃப்எஸ் ஹோம் பாதையை எடுத்துக்கொண்டதும் மெஷினில் உள்ள லோக்கல் அட்மினின் ஹோம் மறைந்துவிடும். அதை முன்கூட்டியே வேறு இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும்.

புது மாணவருக்கு ஹோம் ஃபோல்டர் உருவாக்குவது ஃபைல் சர்வரிலேயே ஓடும் ஸ்கிரிப்ட். லேப் மெஷினின் ரூட்டை (முழு அதிகாரம் உள்ள கணக்கை) என்எஃப்எஸ் சர்வர் நோபடி என்ற அதிகாரமில்லாத கணக்காக ஆக்கிவிடுவதால் அங்கிருந்து உருவாக்க முடியாது.

தொல்லை இல்லாமல் இல்லை. மாதாந்திர மின்தடை நாளில் யூபிஎஸ் தீர்ந்து ஒரு சர்வர் படுத்துவிட்டால், அதில் ஹோம் உள்ளவர்களின் லாகின் அப்படியே தொங்கும். கொஞ்ச நேரம் முயன்று கைவிடும் சாஃப்ட் மவுண்ட் போட்டால் தொங்காது என்று யோசனை வந்தது. எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் பாதியில் கெடலாம் என்பதால் சர்வர் வரும்வரை காத்திருக்கும் ஹார்டு மவுண்டையே வைத்திருக்கிறேன். இரண்டு மெஷினில் ஒரே நேரத்தில் லாகின் செய்தால் ஃபயர்பாக்ஸ் ஏற்கெனவே ஓடுகிறது என்று அடம்பிடிக்கும். இதற்கு நான் சொல்லும் ஒரே பதில், "அந்த மெஷின்ல லாக்அவுட் பண்ணிட்டு வாப்பா."

அடுத்த வேலை கெர்பராஸ். இப்போதைக்கு லேப் மெஷின்களின் ஐபிக்கு மட்டும் ஃபோல்டர்களை எக்ஸ்போர்ட் செய்திருக்கிறோம் (திறந்துவிட்டிருக்கிறோம்), ஆனால் யாராவது தன் லேப்டாப்பில் அந்த ஐபியைப் போட்டுக்கொண்டு வந்தால் எந்த யூஐடியாகவும் நடிக்கலாம். கெர்பராஸோ கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் உள்ளே விடாது. பழைய மெஷின்களில் பாதிக்கு, கடிகாரத்தை ஓட வைக்கும் மதர்போர்டு பேட்டரி போய்விட்டது. முதலில் பேட்டரி வாங்க ஒப்புதல் கேட்டிருக்கிறேன்.