சேரின்ர கால்

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு பழைய மாணவர் சங்கத்தார் ஒரே கரைச்சல், அதிபரைப் பற்றி எல்லாரும் எழுதிப்போட்டினம், அதால நான் ஐஸ் ஸ்கேற்றிங்கில இருந்து தொடங்கிறன், சிரிக்காதேங்கோ. யாழ்ப்பாணத்தில எங்களுக்குத் தெரிஞ்ச ஐஸ் பள்ளிக்கூட வாசலுக்கு வாற ஐஸ்பழம்தான்.

2010 மாசி, வன்கூவர் ஒலிம்பிக். ரொறன்ரோவில வேலையால வந்து மகளோட ரிவி பாக்கிறன். கொரியாப் பிள்ளை யூனா கிம் பாயுது, கரையில நிக்கிற கோச் பிரையன் ஓசரும் கூடவே துள்ளுறார். எனக்கு உடன எங்கட பி.ரி. சேர்தான்.

மைதான மூலையில மணல் குழி, ரெண்டு தடி, குறுக்க ஒரு மூங்கில். நாங்கள் உயரம் பாய ஓடிவந்து காலை ஊண்டேக்க, பக்கத்தில நிக்கிற சேரின்ர காலும் தன்பாட்டில எழும்பும், நாங்கள் தாண்டின பிறகுதான் கீழ வரும். தட்டிப்போட்டமெண்டா கால் அப்பிடியே அந்தரத்தில நிக்கும். ஒருநாள் செருப்புக் கழண்டு குழிக்குள்ள விழுந்தது, ஒருத்தரும் சிரிக்கேல்ல, பயம்.

1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில எங்கட எதிர்வீரசிங்கம் உயரம் பாய்ஞ்சு தங்கம் எடுத்த கதையை சேர் நூறு தரம் சொல்லியிருப்பார். தானும் பாய்ஞ்சவர், மாவட்டப் போட்டியில ரெண்டாவதா வந்தவர் எண்டதை ஒருக்காலும் சொன்னதில்ல, அவற்ற தம்பியார் சொல்லித்தான் தெரியும்.

ஓசருக்கும் ஒலிம்பிக்கில ரெண்டாமிடம்தான் எழுதியிருந்தது. 1984 சரயேவோவில வெள்ளி, 1987இல உலகச் சம்பியன், அடுத்த வருசம் சொந்த நாட்டில, கல்கரியில, 9 நடுவர்மாரில 5 பேர் அமெரிக்கன் பிரையன் பொய்ற்றானோ பக்கம், 4 பேர் இவர் பக்கம், திரும்பவும் வெள்ளி. ஆள் ட்ரிபிள் ஆக்சலுக்குப் பேர்போனவர். மற்றப் பாய்ச்சலெல்லாம் பின்பக்கமாப் போய் எழும்புறது, ஆக்சல் மட்டும் முன்னுக்குப் பாத்து எழும்புறது, அதால மூண்டு சுத்தெண்டு சொன்னாலும் உண்மையில மூண்டரை. இது மகள் படிப்பிச்சது. பிறகு ரொறன்ரோவிலயே கோச், அண்டைக்கு யூனாவுக்குத் தங்கம், ஜப்பான் பெடியன் ஹன்யூவுக்கு 2014லயும் 2018லயும்.

யூனா தங்கம் எடுத்த அண்டிரவே ஊருக்குப் போன் அடிச்சன், அங்க விடிஞ்சிட்டுது.

"சேர், ஒலிம்பிக்கில ஒரு கோச் உங்களைப்போலவே காலைத் தூக்குறான்."

கொஞ்ச நேரம் சத்தமில்ல.

"எந்தக் காலடா?"

"பாக்கேல்ல சேர்."

"பிறகு என்னத்தைப் பாத்தனி?"