கேஸ் பாய்லர் செய்முறைத் தேர்வு: மதிப்பெண் எங்கே இருக்கிறது

வீட்டைச் சூடாக்கவும் வெந்நீர் தரவும் பயன்படும் கேஸ் பாய்லரில் பாகங்களைக் கழற்றி மாட்டும் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழகிய எவரும் ஒரு ஃபேனையோ பம்பையோ கழற்றிவிடுவார்கள். முதல் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் என்ன செய்கிறீர்கள், கடைசி ஸ்க்ரூவை முறுக்கிய பின் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் தேர்வாளர் கவனமாகப் பார்க்கிறார். என் தேர்வில் நடுவில் இருந்த வேலையைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் குறைவு. முன்னும் பின்னும் நடந்ததைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்.

முதலில் மின்சாரம். சுவிட்சை அணைத்தேன் என்று சொன்னால் போதாது. ஃபியூஸை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது சுவிட்சைப் பூட்டுங்கள். அப்புறம் டெஸ்டரை, கரண்ட் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு பாய்லர் டெர்மினலில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் சோதியுங்கள். முடித்ததும் டெஸ்டரை மறுபடி அந்தக் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். இடையில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால், அது காட்டிய பூஜ்யத்துக்கு அர்த்தமே இல்லை. இன்னொன்று: டைமர் அல்லது தெர்மோஸ்டாட் வழியாக வேறொரு சப்ளை உள்ளே வரலாம். அதனால் உள்ளே வரும் ஒவ்வொரு வயரையும் சோதிக்க வேண்டும்.

தேர்வில் மாற்றச் சொல்லி எனக்கு வந்தது கேஸ் வால்வு, அதாவது பர்னருக்குப் போகும் கேஸைத் திறந்து மூடும் பாகம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தேறினால் மற்றவை எளிது. புது வால்வை எடுத்ததும் பாக எண்ணையும் கேஸ் வகையையும் கையேட்டோடு ஒப்பிடுங்கள். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வால்வுகள் உள்ளே வேறாக இருக்கும். கேஸ் குழாயை அடைத்துவிட்டு யூனியன் நட்டைக் கழற்றியதும், பழைய ஃபைபர் வாஷர் கையோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். பல நேரம் அது பித்தளை முகப்போடு ஒட்டிக்கொண்டு, அதே நிறத்தில், கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். விரல் நுனியால் ஒருமுறை தடவினால் விளிம்பு தட்டுப்படும். அதன் மேலேயே புது வாஷரைப் போட்டு இறுக்கினால் நட்டு இறுகியது போலத்தான் இருக்கும், ஆனால் கேஸ் கசியும். பழைய வாஷரையும் ஓ-ரிங்கையும் (வளைய வடிவ ரப்பர் சீல்) திரும்பப் போடவே கூடாது, பார்க்க நன்றாக இருந்தாலும் சரி.

மாட்டிய பிறகு கசிவுச் சோதனை. வால்வுக்கு முன்னால் உள்ள இணைப்பைக் குழாயைத் திறந்ததுமே கசிவு காட்டும் ஸ்ப்ரே அடித்துப் பார்த்துவிடலாம். வால்வுக்குப் பின்னால் உள்ள இணைப்பிலோ பர்னர் எரியும்போதுதான் கேஸ் ஓடும். எனவே எரியவிட்டு அங்கே மறுபடி சோதிக்க வேண்டும். “எதற்கு இரண்டு தடவை?” என்று என்னிடம் கேட்டார்கள், உங்களிடமும் கேட்கக்கூடும். அடுத்து, புகைக்குழாயில் அனலைசரை (புகையில் உள்ள வாயுக்களை அளக்கும் கருவி) வைத்து கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு அளவுகளை முழு வேகத்திலும் குறைந்த வேகத்திலும் எடுத்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். வால்வில் உள்ள ஸ்க்ரூவைத் திருகலாமா என்பதையும் கையேடுதான் சொல்லும். சில தயாரிப்பாளர்கள் அதைத் தொடவே அனுமதிப்பதில்லை. தேர்வாளர் முன்னால் கையேட்டைத் திறக்கத் தயங்காதீர்கள். திறக்காமல் நினைவில் இருந்து செய்வதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கொடுக்கும்.

பர்னர், எலெக்ட்ரோட் (சுடரைப் பற்றவைக்கும், உணரும் கம்பி) வந்தால் இதே முறைதான்: பர்னர் கதவைத் திறந்தால் அதன் கேஸ்கெட்டை (சீல்) மாற்றுங்கள், எலெக்ட்ரோட் இடைவெளியை அளந்து வையுங்கள். சுடர் இருக்கிறதா என்பதை பாய்லர் அறிவது, சுடர் வழியாக எர்த்துக்குப் போகும் மைக்ரோஆம்பியர் அளவு மின்னோட்டத்தை வைத்துத்தான். எர்த் சரியில்லை என்றால் எலெக்ட்ரோட் புதிதாக இருந்தும் பாய்லர் லாக்அவுட்டுக்குப் போகும், அதாவது பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்.

தண்ணீர்ப் பக்க வேலைக்கு முன், நனையாதபடி சர்க்யூட் போர்டை மூடிவிடுங்கள். அழுத்த கேஜ் பூஜ்யம் காட்டினாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் (சுடரின் வெப்பம் தண்ணீருக்குப் போகும் பாகம்) தண்ணீர் மிச்சம் இருக்கும், நட்டு தளர்ந்ததும் கொட்டும். ரப்பர் சீலுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டுமே. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் இ.பி.டி.எம் என்ற வகை ரப்பர் உப்பிப் போகும். எக்ஸ்பான்ஷன் வெசலின் (சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் தரும், காற்று நிரப்பிய கலம்) காற்றழுத்தத்தைப் பார்க்கும்போது தண்ணீர் அழுத்தம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். திரும்ப நிரப்பும்போது பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் வரை.

சர்க்யூட் போர்டில் கழற்றும் முன் ஒவ்வொரு கனெக்டருக்கும் டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள்.

பயிற்சிக்கு நான் சொல்வது ஒன்றே: வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். “இப்போது டெஸ்டரைச் சரிபார்க்கிறேன், இப்போது பழைய வாஷரைத் தேடுகிறேன்” என்று சொல்லிப் பழகினால் எந்தப் படியும் விட்டுப்போகாது, தேர்வாளருக்கும் நீங்கள் செய்வது புரியும். பயிற்சிக்கூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பழகுங்கள். தகுதிச் சான்று கைக்கு வரும்வரை யார் வீட்டு பாய்லரிலும் கை வைக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.