கீவேர்டு கிளஸ்டரிங்: கிரெடிட் வாங்கும் முன் லொக்கேஷனைப் பாருங்கள்

கூகுளில் மக்கள் தேடும் சொற்களை, எவற்றுக்கெல்லாம் ஒரே பக்கம் போதும் என்று குழு குழுவாகப் பிரிப்பதுதான் கீவேர்டு கிளஸ்டரிங். அதற்கான டூலுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிட்டுக் கட்டுங்கள். என் வேலை நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனால் நடுவில் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை.

கோவையில் கணபதி பக்கம் வெட் கிரைண்டர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் வேலை பார்க்கிறேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். சரக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சைட்தான் படுத்துக் கிடந்தது. முன்பு பார்த்த ஏஜென்சி கீவேர்டுக்கு ஒரு பக்கம் என்று போட்டுத் தள்ளியிருந்தது. ‘வெட் கிரைண்டர் விலை’க்கு ஒன்று, ‘வெட் கிரைண்டர் ரேட்’டுக்கு ஒன்று, ‘கிரைண்டர் விலை கோவை’க்கு இன்னொன்று. எந்தத் தேடலுக்கு நம் சைட்டின் எந்தப் பக்கம் வருகிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில் பார்த்தால் இந்த வாரம் ஒரு பக்கம் தலை காட்டும், அடுத்த வாரம் அதே தேடலுக்கு வேறொரு பக்கம். ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு எதுவுமே மேலே ஏறவில்லை.

அந்த ஏஜென்சி கொடுத்துவிட்டுப் போன ஷீட்டும் கையில் இருந்தது. ‘கிரைண்டர்’ என்ற சொல் வரும் எல்லாவற்றையும் ஒரே குழுவில் அடைத்திருந்தார்கள். அதில் வெல்டிங் பட்டறையில் இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரும் இருந்தது. முதலாளி அண்ணா அதைப் பார்த்துவிட்டு, “ஏனுங் அம்மிணி, நாம எப்பங்க பட்டறைக்கு மெசின் வித்தோம்?” என்றார். சொல்லைப் பார்த்துப் பிரித்தால் இதுதான் நடக்கும். ரிசல்ட்டைப் பார்த்துப் பிரித்தால் நடக்காது. இரண்டு கீவேர்டுக்கும் கூகுளின் முதல் பத்து லிங்க்கில் எத்தனை ஒன்றாக வருகின்றன என்று எண்ணுவது, போதுமான அளவு வந்தால் ஒரே பக்கம் எழுதுவது, வராவிட்டால் தனிப் பக்கம். ஆங்கிள் கிரைண்டருக்கும் மாவாட்டும் கிரைண்டருக்கும் பொதுவாக ஒரு லிங்க்கூட வராது.

கீவேர்டு சேர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. கூகுள் விளம்பர அக்கவுண்டில் இருக்கும் கீவேர்டு பிளானர், சர்ச் கன்சோல், கடை போனுக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகள், மூன்றையும் கொட்டினேன். விளம்பரத்துக்குச் செலவு செய்யாத அக்கவுண்டாக இருந்தால் பிளானர் ‘ஆயிரம் முதல் பத்தாயிரம் வரை’ என்று மொத்தமாகத்தான் எண்ணிக்கை காட்டும். குழு பிரிக்க அது போதும்.

சிக்கல் டூலில் ஆரம்பித்தது. பெயர் சொல்லவில்லை. நிறையப் பேர் பயன்படுத்தும் வெளிநாட்டு டூல். முதலில் பணம் கட்டி கிரெடிட் வாங்க வேண்டும், ஒரு கீவேர்டுக்கு ஒரு கிரெடிட் கழியும். ப்ராஜெக்ட் தொடங்கும்போதே நாடு இந்தியா என்று கொடுத்தாயிற்று, ஷீட்டை ஏற்றினேன், கிரெடிட் போனது, குழுக்கள் வந்தன. முதல் குழுவைத் திறந்தால் காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டர். அடுத்ததில் இறைச்சி அரைக்கும் மெஷின். லிங்க் எல்லாம் அமெரிக்கக் கடைகள். ப்ராஜெக்டுக்குக் கொடுத்த நாடு வேறாம், கிளஸ்டரிங் திரைக்குத் தனியாக ஒரு லொக்கேஷன் உண்டாம். அது ‘அட்வான்ஸ்டு’ என்ற மடிப்புக்குள்ளே, யாரும் தொடாதபோது அமெரிக்கா என்று இருக்கிறது. ப்ராஜெக்டில் கொடுத்ததை அது எடுத்துக்கொள்ளாது.

சப்போர்ட்டுக்கு ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதினேன். உதவிப் பக்கத்தின் லிங்க் ஒன்று பதிலாக வந்தது. அந்தப் பக்கத்தில் இந்தத் தனி லொக்கேஷனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதையே சுட்டிக்காட்டித் திரும்ப எழுதினேன். டிக்கெட்டை, அதாவது அந்தப் புகாரை, மூடிவிட்டார்கள். புது டிக்கெட் போட்டால் வேறொருவர் வந்து, “உங்கள் பிரச்சினையை விளக்க முடியுமா?” என்று முதலிலிருந்து தொடங்குகிறார். கடைசியில், செலவான கிரெடிட்டைத் திருப்பித் தருவது பாலிசியில் இல்லை என்று முடித்தார்கள். சின்னக் கம்பெனியின் பணம் அது. ஒரு பெல்ட்டுக்கும் கணக்குப் பார்த்து பில் போடுகிறவர்களிடம் போய் இதைச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று அந்த சப்போர்ட் ஆளுக்குத் தெரியாது.

மிச்சமிருந்த கிரெடிட்டில் லொக்கேஷனை மாற்றி ஓட்டினேன். இந்தத் தடவை லிங்க்குகள் நம்மூர்தான். ஆனால் பாதிக்கு மேலான கீவேர்டுகள் ஒரே பூதக் குழுவில் போய் விழுந்திருந்தன. வீட்டுக்கான 2 லிட்டர் டேபிள் டாப், ஹோட்டலுக்கான 10 லிட்டர் டில்டிங், கல் கொத்துவது, சர்வீஸ், எல்லாம் ஒரே இடத்தில்.

காரணம் இரண்டு. அந்த டூல் ‘பொதுவான லிங்க்’ என்று சொன்னாலும் முகவரியை முழுசாக ஒப்பிடவில்லை, டொமைனை, அதாவது தளத்தின் பெயரை மட்டும்தான் ஒப்பிட்டது. பெரிய விற்பனைத் தளங்களும் யூடியூபும் எல்லாத் தேடலிலும் வரும். அவற்றின் டொமைன் ஒன்று என்பதற்காக டில்டிங் கிரைண்டரும் பெல்ட்டும் உறவாகிவிடுமா? இரண்டாவது காரணம் சங்கிலி. ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் மூன்று லிங்க் பொது, ‘ஆ’வுக்கும் ‘இ’க்கும் மூன்று பொது, ஆனால் ‘அ’வுக்கும் ‘இ’க்கும் ஒன்றுமே இல்லை. டூல் மூன்றையும் சேர்த்துவிடுகிறது. பங்காளியின் மச்சானுக்கு மாமன் என்று போய்ப் போய் ஊரே சொந்தமாகிற மாதிரி. குழுவிலுள்ள ஒவ்வொரு ஜோடியும் ஒத்துப்போக வேண்டும் என்ற கண்டிப்பான முறை உண்டு, ‘ஹார்டு’ என்பார்கள். குழுவின் முதன்மையான தலைக் கீவேர்டோடு மட்டும் ஒத்துப்போனால் போதும் என்பது ‘சாஃப்ட்’. வாங்கும் முன் டூல் எதைச் செய்கிறது என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாட்டில் சொன்னது பிறகு செல்லாது.

இதற்குமேல் அந்த டூலை நம்பவில்லை. கூகுள் ரிசல்ட்டை மட்டும் எடுத்துத் தரும் ஏபிஐ (நிரல் வழியாகக் கேட்டு வாங்கும் சேவை) ஒன்றில் கொஞ்சம் பணம் போட்டேன். லொக்கேஷன் கோயம்புத்தூர், சாதனம் மொபைல், ஏனென்றால் எங்கள் வாடிக்கையாளர்கள் போனில்தான் தேடுகிறார்கள். 2025 செப்டம்பரில் ஒரே பக்கத்தில் 100 ரிசல்ட் கேட்கும் வசதியைக் கூகுள் நிறுத்திய பிறகு இப்படி ரிசல்ட் எடுத்துத் தருபவர்கள் பலர் அதைச் சொல்லி விலை ஏற்றினார்கள். கிளஸ்டரிங்குக்கு முதல் பத்துதான் வேண்டும், அதனால் அந்தக் காரணம் சொல்லி அதிகம் கேட்டால் கொடுக்காதீர்கள். எல்லாக் கீவேர்டையும் ஒரே நாளில் எடுங்கள். பாதி இன்று, பாதி பத்து நாள் கழித்து என்றால் ரிசல்ட் நகர்ந்திருக்கும், சேர வேண்டியது சேராது.

ஒப்பிடும் பைத்தான் நிரலை எங்கள் தெருவில் இருக்கும் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி எழுதிக் கொடுத்தான். முதல் ஓட்டத்திலேயே அவன், “அக்கா, கோயம்புத்தூர் கிரைண்டர் ரெண்டு வாட்டி இருக்குதுங்க்கா” என்றான். பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். உள்ளே பிரித்தால் ஒன்றில் ‘கோ’வின் குறி ஒரே யூனிகோடு எழுத்து, மற்றதில் இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு எழுத்து. பழைய ஏஜென்சி ஷீட்டிலிருந்து வந்த வினை. கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு சொல், டூலோ இரண்டுக்கும் கிரெடிட் எடுத்திருக்கிறது. தமிழ்க் கீவேர்டு வைத்திருப்பவர்கள் முதலில் யூனிகோடு நார்மலைசேஷன், அதாவது இப்படிப் பிரிந்து கிடப்பதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதை, செய்துவிடுங்கள், என்.எஃப்.சி. என்ற வகை. ஒரே வரியில் முடிகிற வேலை. லிங்க்கையும் சுத்தம் செய்ய வேண்டும்: எச்.டி.டி.பி., எச்.டி.டி.பி.எஸ்., முன்னால் வரும் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ, கடைசிச் சாய்கோடு, கேள்விக்குறிக்குப் பின்னால் தொங்கும் டிராக்கிங் வால். இதெல்லாம் போகாவிட்டால் ஒரே பக்கம் இரண்டாக எண்ணப்படும். யூடியூப் வீடியோ போன்ற சிலவற்றுக்குக் கேள்விக்குறிக்குப் பின் வருவதுதான் அடையாளம், அதை வெட்டிவிடாதீர்கள்.

விளம்பரம், மேப், ‘மக்கள் கேட்பவை’ பெட்டி மூன்றையும் கணக்கில் எடுக்கவில்லை. முழு முகவரி ஒப்பீடு, ஹார்டு முறை, பத்தில் நான்கு பொது. மூன்று வைத்தால் வீட்டுக் கிரைண்டரும் ஹோட்டல் கிரைண்டரும் ஒட்டிக்கொண்டன, ஐந்து வைத்தால் ‘ஹோட்டல் கிரைண்டர்’ ஒரு பக்கம், ‘கமர்ஷியல் கிரைண்டர்’ ஒரு பக்கம் என்று சிதறின. உங்கள் துறைக்கு எண் மாறும். நன்றாகத் தெரிந்த இருபது கீவேர்டை எடுத்துக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். சில தேடலுக்குச் சாதாரண லிங்க் எட்டுதான் வரும், அங்கே நான்கு என்பது கொஞ்சம் கறார்.

கிடைத்த குழுக்களைப் பார்த்தபோது மனசு நிறைந்தது. ‘விலை’, ‘ரேட்’ இரண்டும் ஒன்று, மூன்று பக்கங்களை ஒன்றாக்கி பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதுப் பக்கத்துக்கே கொண்டுபோகும் 301 ரீடைரக்ட்டை மற்றவற்றுக்குப் போட்டாயிற்று. ‘கோவை’யும் ‘கோயம்புத்தூ’ரும் ஒன்று. ‘கிரைண்டர் கல்’, ‘பெல்ட்’, ‘கல் கொத்துதல்’ ஒரு தனிக் குழு. அதற்கு சைட்டில் பக்கமே இல்லை. யாரும் யோசிக்காதது இன்னொன்றும் வந்தது: தமிழ் எழுத்தில் ‘கிரைண்டர் எது நல்லது’ என்று தேடினால் வருவதும், அதையே ஆங்கிலத்தில் தேடினால் வருவதும் ஏறக்குறைய வேறு வேறு. தமிழில் வீடியோக்களும் தமிழ்ப் பக்கங்களும், ஆங்கிலத்தில் விற்பனைத் தளங்கள். பொருள் ஒன்றுதான், பக்கம் இரண்டு வேண்டும். மொழிபெயர்த்து ஒப்பேற்றாமல் தமிழ்ப் பக்கத்தைத் தனியாக எழுதினோம். கிரைண்டருக்குப் போடும் ஊத்துக்குளிக் கல்லைப் பற்றி அண்ணா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன்.

ஒன்று மறந்துவிட்டேன். ஷீட்டை சி.எஸ்.வி.யாக இறக்கி எக்செல்லில் நேராகத் திறந்தால் தமிழ் எல்லாம் கோணல் எழுத்தாகிவிடும். யு.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில், அதிலும் அதை எக்செல்லுக்கு அடையாளம் காட்டும் பி.ஓ.எம். குறி உள்ளதாகச் சேமிக்கச் சொல்லுங்கள். கோணலாகத் திறந்ததை அப்படியே சேவ் செய்துவிட்டால் மீட்பது பெரும்பாடு.

கல், பெல்ட் குழுவுக்குப் புதிதாக எழுதிய ஸ்பேர் பக்கம் சைட்டில் ஏறிய பிறகு கோபியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பெல்ட்டும் கல்லும் கேட்டுப் போன் வருகிறது. கம்பெனியில் போன் எடுக்கும் அக்கா, எந்த மாடல் என்று கேட்டு எழுதிக்கொள்ளத் தனி நோட்டே போட்டுவிட்டார். தீபாவளி நெருங்கினால் வீட்டுக் கிரைண்டர் தேடலில் ஆஃபர் பக்கங்கள் மேலே வந்துவிடும் என்பதால், ஆடி முடிந்ததும் இன்னொரு தடவை ரிசல்ட் எடுத்துக் குழுக்களைச் சரிபார்க்கப் போகிறேன். கிரெடிட் பணத்துக்கு மூன்றாவது டிக்கெட் போட்டிருக்கிறேன். அதை மூடினால் நான்காவதும் போடுவேன்.